காலத்தே வந்து கைகொடுத்தவர்

ஒரு செயலைத் தொடங்குவோர் உலகிற் பலர். தொடங்கிய செயல் இடையிலே தளர்ந்தபோது அதனைத் தாங்கி முடித்துக் கொடுப்போர் சிலரே. தொடங்கியவர் பெயர் நெடுங்காலம் நிலைக்கும்; தாங்கியவர் பெயரைப் பெரும்பாலும் எவரும் வினவுவதில்லை. வீடு தீப்பற்றி எரியும்பொழுது அதனைக் கட்டிய தச்சரைத் தேடி எவரும் ஓடுவதில்லை. தண்ணீர்க் குடத்தோடு வருபவரையே எல்லாரும் எதிர்நோக்குவர். தீ அணைந்தபின், குடம் சுமந்து வந்தவர் யாவர் என்பதை ஊரார் மறந்துவிடுவர்.

இவ்வாறு இடர் நேர்ந்த வேளையில் அழைக்கப்படுவதையே தம் தொழிலாகக் கொண்ட விளையாட்டு வீரர் ஒருவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்தார். அவர் 21 ஆண்டுகள் உயர்நிலைப் போட்டிகளில் ஆடினார். ஒன்பது அணிகள் அவரை ஏற்றன. ஏற்ற அணிகளே அவரை விடுத்தன. ஐம்பது அகவை நிறைவதற்குச் சில நாட்களே எஞ்சியிருந்த வரையில் அவர் தம் தொழிலை விட்டாரல்லர். அவர் பெயர் ஹாய்ட் வில்ஹெல்ம் என்பது. அவர் வரலாற்றை அறிதற்கு முன், அவர் ஆடிய ஆட்டத்தின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

ஆட்டத்தின் இயல்பு

அமெரிக்கர் பெரிதும் விரும்பும் விளையாட்டுக்களுள் ஒன்று பேஸ்பால். இதனைத் தமிழில் அடிபந்தாட்டம் எனலாம். நம் நாட்டார் நன்கறிந்த கிரிக்கெட்டைப் போலவே இதிலும் ஒருவர் பந்தை எறிவார்; மற்றொருவர் மட்டையால் அடிப்பார். எனினும் இரண்டிற்கும் வேறுபாடுகள் பல உண்டு. அடிபந்தாட்டத்தில் அணிக்கு ஒன்பதின்மர் ஆடுவர். ஆடுகளத்தில் சாய்சதுர வடிவில் நான்கு தளங்கள் அமைந்திருக்கும். ஒரு தளத்திற்கும் அடுத்த தளத்திற்கும் இடையே உள்ள தொலைவு 90 அடி. நான்காவதாகிய தாய்த்தளத்தின் அருகே மட்டையாளர் நிற்பார். எறிபவர் அங்கிருந்து 60 அடி 6 அங்குலத் தொலைவில், சிறு மேடொன்றின்மீது நின்று எறிவார். பந்து நிலத்திற் பட்டு எழாமல், நேரே மட்டையாளரை நோக்கிச் செல்லும்.

அடித்தவர் தளங்களை ஒவ்வொன்றாகக் கடந்து மீண்டும் தாய்த்தளத்தை அடைந்தால் ஓர் ஓட்டம் கிடைக்கும். அடித்த பந்து எல்லை வேலியைக் கடந்து அப்பால் விழுந்தால் அதனை 'ஹோம் ரன்' என்பர். அப்பொழுது அடித்தவரும், முன்னரே தளங்களில் நின்றவரும் தடையின்றிச் சுற்றி வந்து ஓட்டங்களைச் சேர்ப்பர். மூவர் ஆட்டமிழந்தால் அடுத்த அணி மட்டை பிடிக்கும். இரண்டு அணிகளும் ஒவ்வொரு முறை மட்டை பிடித்தால் ஒரு சுற்று முடியும். ஒன்பது சுற்றுக்கள் கொண்டது ஓர் ஆட்டம்.

மட்டையாளருக்குப் பின்னே, கையில் தடித்த தோலுறை அணிந்து ஒருவர் குந்தியிருப்பார். அடிபடாத பந்தைப் பிடித்தல் அவர் கடமை. அவரைப் பிடிப்பாளர் எனலாம். அவர் பந்தைத் தவறவிட்டால், தளங்களில் நிற்கும் எதிரணியினர் அடுத்த தளத்திற்கு முன்னேறுவர். வில்ஹெல்மின் வாழ்வில் பிடிப்பாளருக்குப் பெரும் பங்கு உண்டாதலின், இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

மாற்று எறிவாளர்

ஆட்டத்தைத் தொடங்கும் எறிவாளர் நூற்றுக்கு மேற்பட்ட முறை பந்தெறிய நேரும். அவர் தோள் தளரும். பந்தின் விசை குறையும். எதிரணியினர் அவர் எறியும் முறையைக் கண்டுகொண்டு அடிக்கத் தொடங்குவர். அந்நிலையில் அணியின் மேலாளர் அவரை நீக்கிவிட்டு வேறொருவரை அழைப்பார். அங்ஙனம் வருபவரே மாற்று எறிவாளர். ஆங்கிலத்தில் அவரை 'ரிலீப் பிட்சர்' என்பர். களத்தின் ஒரு புறத்தே உள்ள ஒதுக்கிடத்தில் அவர் காத்திருப்பார். எப்பொழுது அழைப்பு வரும் என்பதை அவர் அறியார், வாராமலும் போகலாம்.

வந்த எறிவாளருக்கு நல்ல சூழ்நிலை வாய்ப்பது அரிது. தளங்களில் எதிரணியினர் நிற்பர். ஓரடி நன்றாக விழுந்தால் ஆட்டம் கைவிட்டுப் போகும். நீக்கப்பட்டவர் அவ்வாட்டத்தில் மீண்டும் ஆட விதி இடந்தராது. ஆதலின் வந்தவரே நிலைமையைத் தாங்கியாக வேண்டும். இத்துணைப் பொறுப்பு இருந்தும், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இப்பணியைச் சிறப்புடையதாக எவரும் கருதவில்லை. ஆட்டத்தைத் தொடங்கத் தகுதி பெறாதவரும், வலி குன்றியவருமே பெரும்பாலும் இதற்கு அனுப்பப்பட்டனர். இப்பணிக்கும் ஒரு பெருமை உண்டு என்பதைத் தம் வாழ்நாள் உழைப்பால் காட்டியவருள் முதன்மையானவர் வில்ஹெல்ம்.

இளமையும் பயிற்சியும்

வட கரோலினா மாநிலத்தில் ஹண்டர்ஸ்வில் என்பது ஒரு சிற்றூர். அங்கே பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுது வாழ்ந்த குடும்பம் ஒன்றில், 1922ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26ஆம் நாள் வில்ஹெல்ம் பிறந்தார். உடன் பிறந்தாரையும் சேர்த்து அக்குடும்பத்தில் பதினொரு மக்கள். செல்வம் இல்லை, ஆனால் உழைப்பு இருந்தது.

வில்ஹெல்மின் தோளில் பெருவிசை இல்லை. மற்ற இளைஞர் எறிந்த விரைவில் அவரால் பந்தை எறிய இயலவில்லை. விரைவே எறிவாளரின் செல்வம் என்று எல்லாரும் எண்ணியிருந்த காலம் அது. அந்நாளில் எமில் லியோனார்டு என்னும் எறிவாளர் வாஷிங்டன் அணியில் புகழ்பெற்று விளங்கினார். அவர் 'நக்கிள்பால்' என்னும் விரற்கணுப் பந்தில் வல்லவர். அவர் பந்தைப் பிடிக்கும் முறையைக் காட்டும் படம் ஒன்று நாளிதழில் வெளிவந்தது. பள்ளி மாணவராயிருந்த வில்ஹெல்ம் அதனைக் கண்டார். நேரில் கற்பிக்க ஆசிரியர் இல்லை. படத்தையே ஆசிரியராகக் கொண்டு, டென்னிஸ் பந்து ஒன்றைக் கையிலெடுத்து, விரல்களை அவ்வாறே வைத்து எறிந்து எறிந்து பழகினார். நாள்தோறும் இடைவிடாது பழகிய அப்பழக்கம் பின்னாளில் அவருக்கு உணவளித்தது, புகழும் அளித்தது.

போர்க்களம்

1942ஆம் ஆண்டில் மூர்ஸ்வில் என்னும் ஊரின் அணியில் வில்ஹெல்ம் ஊதியம் பெற்று ஆடத் தொடங்கினார். அது கீழ்நிலைப் போட்டிகளில் ஆடும் சிறிய அணி. ஓராண்டு ஆடுவதற்குள் இரண்டாம் உலகப் போர் அவரை அழைத்துக்கொண்டது. அவர் படையிற் சேர்ந்து ஐரோப்பாவிற்குச் சென்றார். 1944ஆம் ஆண்டின் இறுதியில் ஆர்டென் காட்டுப் பகுதியில் கடுங்குளிரில் நிகழ்ந்த பெரும்போரில் அவரும் பங்கு கொண்டார். போரில் குண்டின் சிதறல்கள் தாக்கி அவர் காயமுற்றார். புண்பட்ட வீரர்க்கு அளிக்கப்படும் 'பர்ப்பிள் ஹார்ட்' என்னும் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. முதுகிற் புகுந்த உலோகத் துண்டு ஒன்று அகற்றப்படாமலே தங்கிவிட்டது. பின்னர் அவர் ஆடிய ஆட்டங்கள் அனைத்தையும் அத்துண்டைச் சுமந்துகொண்டே ஆடினார்.

போர் முடிந்தபின் 1946இல் அவர் மீண்டும் மூர்ஸ்வில் அணிக்கே வந்தார். அவர் வயதொத்த சிலர் அதற்குள் புகழின் உச்சியில் இருந்தனர். வில்ஹெல்மோ சிற்றூர் அணிகளில் ஆடிக்கொண்டிருந்தார். நாக்ஸ்வில், ஜாக்சன்வில், மினியாபொலிஸ் என ஊர் ஊராக மாறினார். முப்பது வயது நெருங்கியது. மெதுவாக எறிபவர் உயர்நிலையில் வெல்லுதல் அரிது என்று பலர் கருதினர். எனினும் அவர் தம் விரற்கணுப் பந்தைக் கைவிடவில்லை. வேறு வழியை நாடவும் இல்லை.

விரற்கணுப் பந்தின் விந்தை

அப்பந்தின் சிறப்பு யாது? அடிபந்து 5 அவுன்சுக்குச் சற்று மேற்பட்ட எடையுடையது. அதன் சுற்றளவு 9 அங்குலத்திற்குக் குறையாது. வெண்ணிறத் தோலின்மீது செந்நூலால் இட்ட தையல் புடைத்து நிற்கும். பொதுவாக எறிவாளர் பந்தைச் சுழற்றி எறிவர். சுழலும் பந்து பம்பரம் போலத் தன் போக்கில் உறுதியாகச் செல்லும். அதன் வழியைத் தேர்ந்த மட்டையாளர் ஒருவாறு உய்த்துணர்வர்.

விரற்கணுப் பந்தோ சுழற்சியைப் பெரும்பாலும் இழந்தது. எறிபவர் விரல் நுனிகளால் அதனைப் பற்றி, மணிக்கட்டை அசைக்காமல் தள்ளிவிடுவார். பெயரில் விரற்கணு இருந்தாலும், பிடிப்பது விரல் நுனியாலேயே. அது தாய்த்தளத்தை அடைவதற்குள் ஒரு முறை சுழன்றாலே மிகுதி. மெல்லத் திரும்பும்பொழுது புடைத்த தையல் வெவ்வேறு பக்கங்களில் காற்றை எதிர்கொள்ளும். தையல் உள்ள பக்கத்தில் காற்றோட்டம் ஒரு வகையாகவும், வழவழப்பான பக்கத்தில் வேறு வகையாகவும் இருக்கும். அவ்வேறுபாட்டால் பந்து ஒரு புறம் தள்ளப்படும். அடுத்த நொடியில் மறுபுறம் தள்ளப்படும். விரைவு குறைந்திருப்பதால் காற்று அதனை அலைக்கப் போதிய காலமும் கிடைக்கும். காற்றில் உதிரும் இலை எங்கு விழும் எனச் சொல்ல இயலாதது போல, இதன் போக்கையும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. அடிப்பவர் மட்டுமன்றி, பிடிப்பவரும், எறிந்தவரும்கூட அதனை அறியார்.

இதனால் ஒரு நன்மை விளைந்தது. பெருவிசையோடு எறிபவரின் தோள் சில ஆண்டுகளில் தேய்ந்து கெடும். விரற்கணுப் பந்தை எறிபவரின் தோளுக்கு அத்துணை வருத்தம் இல்லை. அவர் அடுத்தடுத்த நாட்களிலும் எறியலாம்; முதுமை வந்த பின்னும் எறியலாம். இளமையில் குறைபாடாகத் தோன்றிய மென்மையே வில்ஹெல்முக்கு நீண்ட வாழ்வைத் தந்தது.

முதல் ஆண்டின் வெற்றி

1952ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியில் வில்ஹெல்ம் முதன்முதலாக உயர்நிலைப் போட்டியில் ஆடினார். அப்பொழுது அவருக்கு வயது 29. அதுவரை ஆட்டங்களைத் தொடங்கும் எறிவாளராக இருந்த அவரை, மேலாளர் லியோ டுரோச்சர் மாற்று எறிவாளராக்கினார். பிறர் இதனைத் தாழ்வாகக் கருதியிருக்கக் கூடும். வில்ஹெல்ம் ஏற்றுக்கொண்ட பணியைச் செவ்வனே செய்தார்.

ஏப்ரல் 23ஆம் நாள் அவர் முதன்முறையாக மட்டை பிடித்தார். அடித்த பந்து வேலியைக் கடந்து ஹோம் ரன் ஆயிற்று. காண்போர் வியந்தனர். ஆனால் அதன்பின் இருபதாண்டுகள் ஆடியும், 400 முறைக்குமேல் மட்டை பிடித்தும், இன்னொரு ஹோம் ரன் அவருக்கு வாய்க்கவேயில்லை. எதிர்பாராது வந்த பேறு ஒரு நாளோடு நின்றது. பழகிப் பெற்ற திறமே வாழ்நாள் முழுவதும் துணை நின்றது.

அவ்வாண்டில் அவர் 71 ஆட்டங்களில் எறிந்தார். ஒன்றையேனும் அவர் தொடங்கவில்லை. எல்லாவற்றிலும் இடையிலே வந்தவரே. 15 வெற்றிகள் பெற்றார். தோல்விகள் 3 மட்டுமே. எறிவாளரின் திறத்தை அளப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. தோழரின் பிழையால் நேர்ந்தவற்றை நீக்கி, ஒன்பது சுற்றுக்கு அவர் எதிரணிக்கு விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரியைக் காண்பர். அது குறையக் குறைய அவர் திறம் மிகும். வில்ஹெல்மின் சராசரி 2.43. நேஷனல் லீக் என்னும் கூட்டமைப்பில் அவ்வாண்டு அதுவே மிகக் குறைந்தது. 1954இல் ஜயண்ட்ஸ் அணி கிளீவ்லந்து அணியை நான்கு ஆட்டங்களிலும் வென்று உலகத் தொடர் என்னும் இறுதிப் போட்டியில் வாகை சூடியது. அவ்வெற்றியிலும் வில்ஹெல்முக்குப் பங்கு இருந்தது.

பிடிப்பாளர் பட்ட பாடு

விந்தையான பந்து எதிரியை வருத்தியது போலவே தோழரையும் வருத்தியது. 1954ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் நிகழ்ந்த ஆட்டத்தில், ரே காட் என்னும் பிடிப்பாளர் ஒரே சுற்றில் வில்ஹெல்மின் பந்தை நான்கு முறை தவறவிட்டார். அவர் திறமற்றவர் அல்லர். பந்தின் போக்கு அத்தகையது. வில்ஹெல்ம் எங்குச் சென்றாலும் இத்தொல்லையும் உடன் சென்றது. இறுதிச் சுற்றில், தளத்தில் எதிரணியினர் நிற்கையில், பந்து தவறினால் ஆட்டமே தோல்வியில் முடியலாம். ஆதலின் அவரை அழைக்கும் மேலாளர் நன்மையையும் இடரையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தே அழைக்க வேண்டியிருந்தது.

இதற்கு ஒரு வழி கண்டவர் பால்டிமோர் அணியின் மேலாளர் பால் ரிச்சர்ட்ஸ். 1960ஆம் ஆண்டில் அவர் வழக்கத்திலும் மிகப் பெரிய தோலுறை ஒன்றைச் செய்வித்துத் தம் பிடிப்பாளருக்கு அளித்தார். அதனால் பந்து தவறுவது குறைந்தது. பின்னர் ஆட்ட விதிகளை வகுப்போர் அத்தகைய உறையின் சுற்றளவு 38 அங்குலத்திற்கு மேற்படலாகாது என்று வரையறுத்தனர். தனியொருவர் எறிந்த பந்தின் பொருட்டு ஒரு கருவி பெரிதாயிற்று. அக்கருவியின் பொருட்டு ஒரு விதியும் எழுந்தது.

அணி விட்டு அணி

அக்காலத்தில் ஆட்டக்காரர் தாம் விரும்பிய அணியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பெற்றிலர். ஒப்பந்தத்தில் இருந்த 'ரிசர்வ்' என்னும் விதியால், அவரை வைத்துக்கொள்வதும் பிற அணிக்கு மாற்றுவதும் கழகத்தின் விருப்பமாகவே இருந்தது. 1975ஆம் ஆண்டின் இறுதியில் நடுவர் ஒருவர் அளித்த தீர்ப்பிற்குப் பின்னரே அந்நிலை மாறியது. வில்ஹெல்ம் ஆடிய காலம் முழுவதும் அவ்விதி நடைமுறையில் இருந்தது. கழகத்தார் செய்தி அனுப்புவர். ஆட்டக்காரர் மனைவி மக்களோடு வேற்றூருக்குப் பெயர்ந்து செல்வர்.

1957ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜயண்ட்ஸ் கழகத்தார் அவரைச் செயின்ட் லூயிஸ் அணிக்கு மாற்றினர். அவ்வாண்டு முடிவதற்குள் அவர் கிளீவ்லந்து சென்றார். 1958 ஆகஸ்டில் கிளீவ்லந்தும் அவரை விடுத்தது. ஈராண்டிற்குள் மூன்று அணிகள் கைவிட்ட, 36 வயதான ஒருவரின் ஆட்ட வாழ்வு முடிந்தது என்றே எவரும் நினைப்பர். பால்டிமோர் அணி அவரை ஏற்றது.

பால்டிமோரில் அவர் ஆட்டங்களைத் தொடங்கும் எறிவாளராகவும் நிற்க நேர்ந்தது. 1958ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் நியூயார்க் யாங்கீஸ் அணி அவரை எதிர்த்து ஆடியது. அவ்வாண்டின் உலகத் தொடரை வென்ற பேரணி அது. ஒன்பது சுற்றுக்களிலும் அவ்வணியினர் ஒருவரேனும் பந்தை அடித்துத் தளம் சேர இயலவில்லை. பிடிப்பாளர் கஸ் டிரியண்டோஸ் அடித்த ஹோம் ரன் ஒன்றே அவ்வாட்டத்தின் ஒரே ஓட்டம். பால்டிமோர் 1-0 என வென்றது. அதற்குப்பின் 2003ஆம் ஆண்டு வரையில், யாங்கீஸ் அணியினர் ஓர் அடியும் பெறாது தோற்றதில்லை. அவ்வாண்டிலும் அச்செயலைச் செய்து முடிக்க ஆறு எறிவாளர் தேவைப்பட்டனர்.

1959இல் வில்ஹெல்மின் சராசரி 2.19. அமெரிக்கன் லீக் என்னும் மற்றொரு கூட்டமைப்பிலும் அவரே முதல்வரானார். பின்னர் மீண்டும் மாற்று எறிவாளர் பணிக்கு அனுப்பப்பட்டார். தொடங்குக என்றால் தொடங்கினார். காத்திருக்க என்றால் காத்திருந்தார்.

கற்றதைக் கற்பித்தல்

1963இல் அவர் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். அங்கே ஆறாண்டுகள் ஆடினார். நாற்பது வயதைக் கடந்த பின்னரே அவர் திறம் முழுமை பெற்றது. 1964 முதல் 1968 வரையில் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அவர் சராசரி 2.00க்குக் கீழேயே இருந்தது. 1967இல் அது 1.31 ஆயிற்று.

அவ்வாண்டில் வில்பர் வுட் என்னும் இளைஞர் அவ்வணிக்கு வந்தார். வேறு அணிகளில் அவர் சிறக்கவில்லை. அவரிடமும் விரற்கணுப் பந்து இருந்தது. ஆனால் அதனையே முழுதும் நம்பி எறியும் துணிவு வந்திலது. வில்ஹெல்ம் அவரை அருகிருத்தி, அப்பந்தையே பற்றுக்கோடாகக் கொள்ளுமாறு அறிவுரை கூறிப் பயிற்றினார். ஒரே பணிக்கு இருவர் போட்டியிடும் இடத்தில், மூத்தவர் இளையவருக்குத் தம் கலையை மறைத்து வைத்தல் உலகியல்பு. வில்ஹெல்ம் மறைத்தாரல்லர். 1968இல் வுட் 88 ஆட்டங்களில் எறிந்தார். பின்னர் 1971 முதல் 1974 வரை நான்கு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு இருபதோ அதற்கு மேலோ வெற்றிகள் பெற்றார். வில்ஹெல்முக்கு வாய்த்த ஆசிரியர் நாளிதழில் வந்த ஒரு படம். வுட்டுக்கு வாய்த்தவரோ அக்கலையில் தேர்ந்த வில்ஹெல்மே.

1968ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் வில்ஹெல்ம் தம் 907ஆம் ஆட்டத்தில் எறிந்தார். 1911இல் ஓய்வு பெற்ற சை யங் என்னும் பேராற்றலர் 906 ஆட்டங்களில் எறிந்து நாட்டிய எல்லையை அவர் அன்று கடந்தார்.

முதுமையிலும் தளராமை

அவ்வாண்டின் இறுதியில் புதிதாக அமைந்த கன்சாஸ் நகர அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. ஓர் ஆட்டமும் ஆடாமுன்னரே, அவ்வணி அவரைக் கலிபோர்னியா ஏஞ்சல்ஸ் அணிக்கு மாற்றியது. 1969 செப்டம்பரில் அட்லாண்டா அவரைப் பெற்றது. 1970ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் அவர் தம் ஆயிரமாவது ஆட்டத்தில் எறிந்தார். ஆயிரம் ஆட்டங்களில் எறிந்த முதல் எறிவாளர் அவரே. அவ்வாண்டு செப்டம்பரில் சிகாகோ கப்ஸ் அணிக்குச் சென்று, சில ஆட்டங்களே ஆடி, மீண்டும் அட்லாண்டா வந்தார். 1971இல் அட்லாண்டா அவரை விடுத்தது. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி ஏற்றுக்கொண்டது.

1972ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் அவர் கடைசியாக எறிந்தார். ஜூலை 21ஆம் நாள் அவருக்கு விடை தரப்பட்டது. ஐம்பது வயது நிறைவதற்கு அன்று ஐந்து நாட்கள் இருந்தன. அதன்பின் வீட்டில் வாளா இருந்தாரல்லர். கீழ்நிலை அணிகளின் மேலாளராகவும், இளம் எறிவாளர்க்குப் பயிற்சி தருபவராகவும் பல ஆண்டுகள் உழைத்தார்.

புகழ்மண்டபம்

அவர் எறிந்த ஆட்டங்கள் 1,070. அவற்றுள் அவர் தொடங்கியவை 52 மட்டுமே. பெற்ற வெற்றிகள் 143, தோல்விகள் 122. மாற்று எறிவாளராக வந்து பெற்ற வெற்றிகளே 120க்கு மேற்பட்டவை. வாழ்நாள் சராசரி 2.52. அணி முன்னின்ற ஆட்டத்தை இறுதியில் காத்துக்கொடுப்பதை இன்று 'சேவ்' எனக் கணக்கிடுகின்றனர். அக்கணக்கு முறையாக ஏற்கப்பட்டது 1969இல்தான். வில்ஹெல்மின் பணியில் பெரும்பகுதி அதற்கு முன்பே முடிந்துவிட்டது. பழைய குறிப்புக்களைக் கொண்டு பின்னர்க் கணக்கிட்டபோது, அவ்வாறு அவர் காத்த ஆட்டங்கள் 228 எனக் கண்டனர். அவர் உழைத்த காலத்தில் அவ்வுழைப்பை அளக்கும் கோலே இருந்திலது.

நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்னும் ஊரில் இவ்வாட்டத்திற்குரிய புகழ்மண்டபம் உள்ளது. அதில் இடம்பெற, வாக்களிப்போருள் நூற்றுக்கு எழுபத்தைவர் இசைதல் வேண்டும். வில்ஹெல்மின் பெயர் முதல் ஏழு முறையும் அவ்வளவு வாக்குகள் பெறவில்லை. ஆட்டத்தைத் தொடங்காதவரைத் தலைசிறந்தவர் வரிசையில் வைக்கலாமா என்னும் ஐயம் பலர்க்கு இருந்தது. எட்டாம் முறையாகிய 1985இல் அவ்வையம் அகன்றது. மாற்று எறிவாளர் ஒருவர் அம்மண்டபத்திற் புகுந்தது அதுவே முதன்முறை. அவர் திறந்த வாயில் வழியே பின்னர் வேறு பலரும் புகுந்தனர். 1,070 ஆட்டங்கள் என்னும் எல்லையை 1998இல் டென்னிஸ் எக்கர்ஸ்லி கடந்தார். அதன்பின் ஜெஸ்ஸி ஒரோஸ்கோ 1,252 ஆட்டங்களில் எறிந்து முதலிடம் பெற்றார். இவரும் வில்ஹெல்மைப் போன்றே ஒன்பது அணிகளில் ஆடியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

2002ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள், புளோரிடா மாநிலத்தில் சரசோட்டா நகரில் வில்ஹெல்ம் தம் எண்பதாம் அகவையில் இயற்கை எய்தினார்.

முடிவுரை

வில்ஹெல்மின் வாழ்வில் அவர் விருப்பத்தால் அமைந்தவை சிலவே. வறுமை அவர் வேண்டியதன்று. போர்ப்புண்ணும் அவர் வேண்டியதன்று. எந்த ஊரில் ஆடுவது, எப்பொழுது களம் புகுவது என்பவற்றையும் பிறரே உறுதி செய்தனர். அவர் கைக்குள் இருந்தது ஒரு பந்தும், அதனைப் பற்றும் விரல் நுனிகளுமே. அவ்வொன்றை அவர் பழுதறக் கற்றார். ஒன்பது அணிகளுக்கும் அதனையே எடுத்துச் சென்றார். உடைமையை ஊரிலே விட்டுச் செல்லலாம். உற்ற தொழில்திறம் செல்லுமிடமெல்லாம் உடன் வரும்.

முன்னே நின்று தொடங்கும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டுவதில்லை. அழைப்பு வரும் வரையில் பொறுத்திருத்தலும், வந்த நொடியில் ஆயத்தமாய் எழுதலும், பிறர் விட்ட இடத்தில் நின்று முணுமுணுக்காது பணியாற்றுதலும் யாவர்க்கும் இயலும். அவ்வாறு ஆற்றும் பணியை உலகம் காலந்தாழ்த்தே கணக்கிடினும், ஆற்றிய பணி ஆற்றியதே ஆகும்.